சின்னவள் பக்கத்து இடம்

அப்பா இறந்த செய்தி வந்தபோது பெரியவள் தாவரத் தோட்டத்தின் விதைக் கூடத்தில் இருந்தாள். தம்பிதான் போனில் கூப்பிட்டான். "அக்கா, அப்பா போயிட்டாரு. நீ பதறாம வா. வண்டியை நீ ஓட்டாதே, வேற யாரையாவது ஓட்டச் சொல்லு," என்றான். பல வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறவன். எந்தத் துக்கத்திலும் அவனுக்கு முதலில் சாலைதான் நினைவுக்கு வரும்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அம்மா பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அதே மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள். எதிரே போன தள்ளுவண்டியில் விரிப்புகள் சரியாக மடிக்கப்படவில்லை என்பதை அந்த நிலையிலும் அவள் கண் கவனித்தது. பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அம்மா அவள் மடியில் கையை வைத்தாள்.

சித்தப்பாதான் காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். யார் யாருக்குச் சொல்ல வேண்டும், வெளியூரில் இருந்து வருகிறவர்கள் எப்போது வந்து சேருவார்கள், எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் எடுத்துடலாம். இடத்துக்கு அலைய வேண்டியதில்ல. சின்னவ பக்கத்துல அண்ணன் அப்பவே வாங்கிப் போட்டுட்டாரே. அந்த ஒரு விஷயத்துலயாவது நிம்மதி," என்றார்.

அப்பாவின் முகத்தைப் பெரியவள் இன்னும் பார்க்கக்கூட இல்லை. அதற்குள் மனம் இடுகாட்டில் அந்த இடத்தின் ஓரத்தில் நின்ற செடியிடம் ஓடிப்போயிற்று. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சின்னவள் இவளுக்கு அடுத்துப் பிறந்தவள். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். தம்பி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். பழைய இடுகாட்டில், சுற்றுச்சுவரை ஒட்டி அவளைப் புதைத்தார்கள். சில மாதங்களில் அப்பா பக்கத்து இடத்தைத் தனக்கென்று வாங்கினார். குடிநீர் வாரியத்தில் குழாய் ஃபிட்டர் அவர். வாரம் முழுக்கத் தெருவைத் தோண்டிக் குழாயை அடைப்பார். விடுமுறை நாளில் போய்ச் சின்னவள் மேட்டில் களை பிடுங்குவார். ஒரு வருஷம், வாங்கிப் போட்ட இடத்தின் வெளி ஓரத்தில் ஒரு செடி முளைத்தது. அதையும் பிடுங்கத்தான் குனிந்தார். நுனியில் மொட்டு இருந்ததால் விட்டுவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அது என்ன செடி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் மெனக்கெடவில்லை.

பெரியவள் தாவரத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் அப்பாவோடு அங்கே போனாள். இடுப்பளவு உயரம். சாம்பல் பூசியது போல் இலைகளின் அடிப்புறம். மெழுகை ஊற்றி வார்த்தது போன்ற மங்கிய மஞ்சள் பூக்கள். மெழுகுப்பூச் செடி! ஒரு காலத்தில் ஊரைச் சுற்றியிருந்த கல்மேடுகளில் எல்லாம் வளர்ந்து கிடந்ததாம். மேடுகளில் பாதியைக் கல்லுக்காக உடைத்தார்கள், மீதியை வீட்டுமனை ஆக்கினார்கள். வேறெங்கும் வளராத செடி அது. ஏரும் இயந்திரமும் நுழையாத அந்த இடுகாட்டில் மட்டும் கொஞ்சம் பிழைத்துக் கிடந்தது. அதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. தோட்டத்து ஆட்கள் இடுகாடு முழுக்கத் தேடிப் பார்த்தார்கள். மற்றவையெல்லாம் ஆண் செடிகள். காய்க்கக்கூடிய பெண் செடி, அப்பா பிடுங்காமல் விட்ட அந்த ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அதுவே அவள் வேலையாகிவிட்டது. ஆண் செடியின் கிளையை வெட்டி நட்டால் வேர் விட்டது. பெண் செடியின் கிளை ஒவ்வொரு தடவையும் அடியில் கறுத்து அழுகியது. காயைப் புழு தின்றது. புழு தின்னாத காயில் விதை முளைக்கவில்லை. இந்த வருஷம் அவளே தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, ஒவ்வொரு கொத்துக்கும் மெல்லிய துணிப்பை கட்டிவிட்டிருந்தாள். பச்சைக் காய்கள் உருண்டு நின்றன. முற்றுவதற்கு இன்னும் ஒன்றரை மாதமாவது வேண்டும். பச்சையில் பறித்தால் ஒன்றுக்கும் உதவாது.

அன்று மதியமே தம்பியும் அவளும் இடத்தைக் காட்ட இடுகாட்டுக்குப் போனார்கள். அங்கே காவல்காரரை எல்லோரும் மேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். "என் ஊர்ல தண்ணி வரலைன்னு ஒருத்தனும் புகார் கொடுத்ததில்ல," என்று அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அப்பா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார். இன்று மேயர் எதுவும் சொல்லாமல் தம்பியின் தோளைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

இடத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "இப்பல்லாம் மெஷின்லதான் தோண்டுறோம். இந்தச் செடியை எடுத்தாத்தான் மெஷின் உள்ள வரும்."

"எடுத்துடுங்க," என்றான் தம்பி.

"வேண்டாம்," என்றாள் பெரியவள்.

தம்பி திரும்பினான். "அக்கா, இதுதானா அந்தச் செடி?"

"ஆமா. காய் பிடிச்சிருக்குடா. இப்ப வேர் அறுந்தா எல்லாத்தையும் உதிர்த்துடும். செடியே செத்தாலும் செத்துடும்."

"அதனால?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். சின்னவளுக்கு அந்தப் பக்கம் சுவர். இந்தப் பக்கம் மட்டும்தான் இடம். "அந்த மூலையில மரத்தடியில இடம் இருக்கு. அங்க வெச்சா..."

"அப்பாவையா?"

"தம்பி, கொஞ்சம் நான் சொல்றதைக் கேளு..."

"ஊர் பூரா தோண்டித் தண்ணி விட்ட மனுஷன். அவருக்கு ஆறடி தோண்ட இடம் இல்லைங்கறியா? காசு கொடுத்து வாங்கின இடம்க்கா. ஒவ்வொரு வாரமும் வந்து உட்கார்ந்திருந்த இடம்." குரல் உயர்ந்தது. மேயர் ஒதுங்கிப் போய்க் குழாயடியில் கை கழுவுவது போல நின்றார். "வேற யார் வீட்டுச் சாவா இருந்தாலும் நீ இப்படிக் கேட்டிருப்பியா?"

"கேட்டிருப்பேன்," என்றாள் அவள். அது உண்மைதான். அந்த உண்மை அவளுக்கே பிடிக்கவில்லை.

தம்பி விடுவிடுவென்று வாசலுக்குப் போய்விட்டான். அவள் சின்னவளின் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபடியே தோட்டத்தின் இயக்குநரை அழைத்தாள். அவர் முதலில் அப்பாவுக்காக வருந்தினார். கொஞ்சம் தயங்கி, "அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட செடிம்மா. நீ ஒரு வார்த்தை சொன்னா நான் மேல பேசித் தடை வாங்கிடுவேன். நாளைக்குக் காலையில யாரும் அங்க மண்ணைத் தொட முடியாது. ஆனா உங்க வீட்டு விஷயம். அதனாலதான் கேக்கறேன்," என்றார்.

அவள் செடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வார்த்தைதான். யார் செய்தார்கள் என்று அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

"வேண்டாம் சார். நான் அம்மாகிட்ட கேக்கறேன். அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான்."

"முடியாதுன்னுட்டா?"

"அப்பவும் தடை வேண்டாம் சார்."

வீட்டில் கூட்டம் கூட ஆரம்பித்திருந்தது. அம்மா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவுக்கு உடுத்தப் போகும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரையும் அதைத் தொட விடவில்லை. பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க."

"கோபப்பட இப்ப எனக்குத் தெம்பு இல்ல. சொல்லு."

அவள் ஒளிக்காமல் சொன்னாள். காய்களை, வேர்களை, தம்பி கோபித்துக்கொண்டு போனதை, இயக்குநர் சொன்னதை, அதை அவள் மறுத்ததை. அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தச் செடி செத்துப்போனா?"

"ஆண் செடியைக் கிளை வெட்டி நட்டுக் கொஞ்ச வருஷம் ஓட்டலாம்மா. விதை இல்லாம அதுவும் ஒருநாள் போயிடும். அப்புறம் எங்கயும் இருக்காது."

"எங்கயும்னா?"

"உலகத்துல எங்கயும்."

அம்மா சட்டைக் காலரை விரலால் நீவினாள்.

"சின்னவளைப் புதைச்ச அன்னிக்கு எல்லாரும் கிளம்பி வாசல் வரைக்கும் வந்துட்டோம். இவரை மட்டும் காணோம். நான் திரும்பிப் போய்க் கூப்பிட்டேன். 'தனியா படுக்க பயப்படுவாளே'ன்னாரு. 'எழுந்து வாங்க, எனக்கு ஒரு கைக்குழந்தை அழுதுட்டிருக்கு'ன்னு அதட்டினேன். ஆமா, அதட்டித்தான் கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியில சொன்னாரு, 'அப்பா உன் பக்கத்துலயே வந்து படுத்துக்கறேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்'னு. எங்கிட்ட சொன்ன வார்த்தையா இருந்தா நான் விட்டுக் கொடுத்துடுவேன். அவகிட்ட சொன்னது அது."

வெளியே யாரோ புதிதாக வந்து அழும் சத்தம் கேட்டது. அம்மா கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ சொல்றது நியாயமாத்தான் இருக்கும். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா முடியாதும்மா. அவர் அங்கதான்."

"சரிம்மா."

"சரின்னு சொல்லிட்டு மனசுல வெச்சுக்குவியா?"

"மனசுல இருக்கும். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா சரி."

அம்மா தலையசைத்தாள். இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் பெரியவள் தோட்டத்துக்குப் போய்க் கைரம்பம், சாக்கு, நிழல்துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனாள். மேயர் இரண்டு ஆட்களோடு தயாராக நின்றார்.

"மெஷின் வேணாம். கையால தோண்டலாம். குழியைச் சின்னவ பக்கமா எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிக்கலாம். செடி இருக்கற இடத்துலயே இருக்கட்டும்," என்றாள். "நானும் இறங்கறேன்."

"வீட்டு ஆளுங்க இறங்கி நான் பார்த்ததில்லையேம்மா."

"வேரை நான்தான் அறுக்கணும். கடப்பாரை பட்டா நசுங்கிடும். நசுங்கின வேர் அழுகிடும்."

மேயர் தன் தலைத்துண்டை அவிழ்த்து, முடியில் மண் விழாமல் கட்டிக்கொள்ளச் சொல்லி நீட்டினார்.

மேல்மண் போனதும் வேர்கள் தெரிந்தன. அவள் நினைத்ததைவிட அதிகம். ஆரஞ்சு நிறத் தோல், உரசினால் காரமாக ஒரு வாசனை. இத்தனை வருஷம் அந்தச் செடியோடு பழகியும் அதன் வேரை அவள் பார்த்ததில்லை. இருப்பது ஒரே ஒரு பெண் செடி, அதன் அடியைத் தோண்டிப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஒவ்வொரு வேராக மண்ணை விரலால் விலக்கி, குழியின் ஓரத்தோடு நேராக அறுத்தாள். செடிப்பக்கம் இருந்த முனையில் ஈரச் சாக்கைச் சுற்றினாள். அறுபட்ட துண்டுகளை ஏனோ மேலே எறிய மனம் வரவில்லை. இன்னொரு ஈரச் சாக்கில் போட்டு வைத்தாள்.

குழி முழங்கால் அளவு இறங்கியபோது மேலே நிழல் விழுந்தது. தம்பி. செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்தான்.

"என்ன பண்ணணும்னு சொல்லு."

"மண்ணை மட்டும் எடு. வேர் தெரிஞ்சா நிறுத்திட்டு என்னைக் கூப்பிடு."

இருவரும் வேலை செய்தார்கள். அவன் நிறுத்துவான், அவள் குனிந்து அறுப்பாள், அவன் தொடர்வான். இடையில் ஒரு தடித்த வேர் குழியைக் குறுக்கே கடந்து சின்னவள் பக்கத்து மண்ணுக்குள் போயிருந்தது. தம்பி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தான்.

"இதையுமா?"

"குறுக்க இருக்கே. அறுத்துத்தான் ஆகணும்."

அறுத்தாள். ரம்பம் நடுவில் சிக்கிக்கொண்டது. அவன் வேரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா இருந்திருந்தா இப்ப என்ன சொல்வாரு?" என்றான்.

"'குழி ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு, மட்டம் பார்க்காம என்னடா தோண்டுறீங்க'ன்னு சொல்வாரு."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. மேலே நின்ற மேயர்கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்த தம்பி அப்படியே குழியின் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். செய்தி சொன்னதில் இருந்து அவன் அழவில்லை. அவள் மண் கையோடு அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்கள் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சாயங்காலம் அப்பாவைக் கொண்டுவந்து சின்னவள் பக்கத்தில் வைத்தார்கள். கூட்டம் அதிகம். அப்பாவோடு குழாய் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். செடியை மிதித்துவிடக் கூடாதென்று மேயர் அதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். மண் தள்ளும்போது அம்மா பெரியவளின் கையைப் பிடித்தாள். நகக்கண் முழுக்க மண். அதைப் பார்த்தாள். துடைக்கச் சொல்லவில்லை. கடைசி வரை கையை விடவில்லை.

செடி பிழைக்கவில்லை. அவள் செய்யக்கூடியதை எல்லாம் செய்தாள். கிளைகளைக் குறைத்தாள், நிழல்துணி கட்டினாள். தம்பி வேலை முடிந்து வரும் வழியில் சீருடையோடு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான். காய்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கித் துணிப்பைக்குள்ளேயே உதிர்ந்தன. வெயில் ஏறத் தொடங்கியபோது கடைசி இலையும் போயிற்று. காய்களை உடைத்துப் பார்த்தாள். உள்ளே விதை இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த தோல்தான் இருந்தது. இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், அவளைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அன்று நாற்றங்காலில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்து அழுதாள். எதற்காக அழுகிறாள், யாருக்காக அழுகிறாள் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அறுத்த வேர்த் துண்டுகளை அப்போதே கொண்டுவந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, மணல் தட்டுகளில் படுக்க வைத்து மூடியிருந்தாள். நம்பிக்கை ஒன்றும் இல்லை. கிளையே வேர் விடாத செடி. நாற்றங்காலில் இருந்தவர்களும் துக்க வீட்டுக்காரி ஏதோ செய்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் இடம் தேவைப்பட்டதால் தட்டுகளைக் கவிழ்த்துக் கழுவப் போனாள். முதல் தட்டில் எல்லாம் அழுகல். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மணல் ஓரிடத்தில் வெடித்திருந்தது. விரலால் தள்ளிப் பார்த்தாள். தடித்த துண்டு ஒன்றின் முதுகில், பால்பல் போல, இளஞ்சிவப்பாக ஒரு முளை.

தட்டை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

பெரும்பாலானவை அழுகித்தான் போயின. சில பிழைத்தன. வேரில் இருந்து வந்தவை என்பதால் எல்லாமே அந்தப் பெண் செடிதான். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கொடியில் இருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் அதைக் கெடுக்கலையா?" என்று கேட்டாள். அதுவரை அந்தப் பேச்சையே எடுக்காதவள்.

"கெடுத்தோம்மா. எல்லாரும் சேர்ந்துதான். அந்தச் செடி செத்துத்தான் போச்சு. ஆனா குழி தோண்டலைன்னா வேரை நாங்க தொட்டே பார்த்திருக்க மாட்டோம்."

அம்மா துணிக்கிளிப்பைக் கையில் வைத்து அமுக்கி அமுக்கி விட்டாள். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா, என்னாலதான் எல்லாம்னு பீத்திக்குவாரு," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதித் துணியை எடுக்கப் போனாள்.

கன்றுகள் தேறி வந்தபோது, ஊருக்கு வெளியே கல் உடைப்பதை நிறுத்திவிட்ட ஒரு மேட்டை வேலி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு கன்றை மட்டும் இடுகாட்டில், பழைய செடி நின்ற இடத்திலேயே வைக்கலாம் என்று பெரியவள் நினைத்தாள்.

"அங்க வேணாம்," என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"அந்த இடத்தை எனக்குன்னு மேயர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீ செடியை வைப்பே. அது நல்லா வளர்ந்து காய்க்கற நேரமாப் பார்த்து நான் போய்ச் சேருவேன். மறுபடியும் உன்னை ரம்பத்தோட குழியில இறக்கணுமா?"

தம்பி, "இதெல்லாம் சாப்பிடுற நேரத்துல பேசற பேச்சா?" என்று சத்தம் போட்டான். அம்மா கேட்கவில்லை. பெரியவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

கன்றுகள் எல்லாம் மேட்டுக்குப் போயின, ஆண் செடிக் கன்றுகளை இடையிடையே வைத்தார்கள். சில வெயிலில் கருகின. சிலவற்றை ஆடு தின்றது, வேலியை உயர்த்தினார்கள். மூன்றாம் வருஷம் பூத்தன. அதற்கு அடுத்த வருஷம் காய் முற்றி, விதை முளைத்தது.

அதைப் பார்க்க அம்மா இருந்தாள். தம்பி ஒரு பக்கம் தாங்க, மூச்சு வாங்க மேடேறி வந்தாள். பெரியவள் காட்டிய இடத்தில் குனிந்து பார்த்தாள். பட்டாணி அளவு இலையோடு மண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த முளை.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதாம்மா."